வடக்கே ஓடும் ஓயா

ஆறில்லாத நாட்டிற் பிறந்தவன் நான். மாரியில் மட்டும் ஓடி அராலிக் கடலிற் சேரும் வழுக்கியாறு ஒன்றே யாழ்ப்பாணத்துச் சிறுவர் கண்ட ஆறு. மற்றப்படி கிணறுதான் எமக்குக் கங்கை. நம் கல்லூரியிற் பூமிசாத்திரம் கற்று, 1967 ஆம் ஆண்டு பதுளையில் அதனையே கற்பிக்கச் சென்றபோது, ஆறுகளென்று நான் அறிந்திருந்தவை சுவர்ப்படத்தின் நீலக் கோடுகளே.

முதல் மாதத்திலேயே பிழை செய்தேன். நமுனுகுல மலையிற் பெய்யும் மழையெல்லாம் மாணிக்க கங்கையாகிக் கதிர்காமம் செல்கின்றது என்று கூறிவிட்டேன். கதிர்காமம் என்றதும் வகுப்பு மகிழ்ந்தது. கடைசி வாங்கிலிருந்த தோட்டத்துப் பையன் ஒருவன் மட்டும் எழுந்து, "இல்லீங்க சேர், எங்க பக்கத்துத் தண்ணி துன்ஹிந்தையில விழுந்து வடக்கதான் போகுதுங்க" என்றான்.

அடுத்த சனிக்கிழமை அவனே என்னை அழைத்துச் சென்றான். பட்டினத்துக்கு வடக்கே ஏறக்குறைய மூன்று மைல்; பின்னர் காட்டுப் பாதை. (அட்டைக்கடி பற்றி இங்கு எழுதாமல் விடுகிறேன்.) பதுளு ஓயா அவ்விடத்தில் 210 அடி உயரத்திலிருந்து வீழ்கின்றது. புகைபோல் எழும் நீர்த்திவலையே அருவிக்குச் சிங்களப் பெயரைத் தந்தது என்பர். இரைச்சலில் அவன் பேசியது கேட்கவில்லை. கையால் வடதிசையைக் காட்டினான்.

அவன் சொன்னதே சரி. 6,600 அடிக்கு மேல் உயர்ந்த அம்மலையின் ஒரு புறத்து நீர் மாணிக்க கங்கையாய்க் கதிர்காமத்தைத் தொட்டுத் தென்கிழக்கே கடலடைகின்றது. மறுபுறத்து நீர் பதுளு ஓயாவில் இறங்கி, மகாவலியிற் கலந்து, திருகோணமலைக் கரையிலே கொட்டியாரக் குடாவிற் சேர்கின்றது. ஒரே மலை மழை கந்தனுக்கும் கோணேசருக்கும் பங்காகின்றது. திங்கட்கிழமை வகுப்பறிய என் பிழையைத் திருத்தினேன்.

ஆற்றின் போக்கை அறிந்த அவனுக்கு நாட்டிற் குடியுரிமை இல்லை. படத்தில் மாத்திரம் கண்ட எனக்கு இருந்தது. 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கியது. அத்தொகையுள் அவன் குடும்பமும் அடங்கிற்று. 1972 இல் பதுளைப் புகையிரத நிலையத்தில் வழியனுப்பினேன். தலைமன்னாருக்குப் போகும் பெண்களின் அழுகையிற் கோச்சியின் ஊதலும் அமிழ்ந்துபோயிற்று. அன்று அவனுக்குச் சொல்ல என்னிடம் ஒரு சொல்லும் இருக்கவில்லை.

இரண்டாண்டின் பின் நீலகிரிக் கூடலூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்கும் தேயிலைதானாம், குளிர் அதிகமாம். அடியில் ஒரு வரி: "இங்கே பாண்டியாறு மேற்கே ஓடுது சேர், மலையாளத்துக்கு. நானே போய்ப் பார்த்துட்டேன்."