உயிர் காலேஜில் ஒரு மழை நாள்

"வர்ற ஞாயித்துக்கிழமை வண்டலூர் போறோம்" என்று என் ஏழு வயது மகளிடம் வாய் தவறிச் சொன்னது திங்கட்கிழமை. சம்பளம் வந்த தெம்பில் சொன்னது. வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு நிலை உருவானது வெள்ளிக்கிழமை. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்பது என் மனைவியின் கட்சி.

ஞாயிறு காலை தூறல். ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு மகள் ஆறு மணிக்கே வாசலில் ஆஜர். சரி, அப்பாவையும் கூப்பிடுவோம் என்று போனேன். அம்மா போய் ஆறு மாசம் ஆகிறது. அப்பாவுக்குக் காலையில் காபி, சாயந்திரம் நியூஸ், நடுவில் மோட்டுவளை. கேட்ட கேள்விக்கு ஒரு வார்த்தை பதில் வந்தால் அன்றைக்கு அதிகம்.

"அப்பா, ஜூவுக்குப் போறோம். வர்றீங்களா?"

"உயிர் காலேஜுக்கா?" என்றார். அடுத்த நிமிஷம் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார்!

இளசுகளுக்கு ஒரு சின்ன விளக்கம். அந்தக் கால மெட்ராஸ்காரர்களுக்கு எழும்பூர் மியூசியம் 'செத்த காலேஜ்', மிருகக்காட்சி சாலை 'உயிர் காலேஜ்'. 1855-ல் எட்வர்ட் பால்ஃபர் என்கிற டாக்டர் மியூசியத்தில்தான் இதை ஆரம்பித்தார். அப்புறம் சென்ட்ரலுக்குப் பக்கத்தில், மூர் மார்க்கெட்டை ஒட்டிய பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. 1985-ல் வண்டலூரில் குடியேறியது. இப்போது 602 ஹெக்டேர். நம் வாடகை வீட்டை நினைத்துப் பெருமூச்சு விடாதீர்கள்.

தாம்பரம் தாண்டி வண்டலூரில் ரயிலை விட்டு இறங்கும்போது தூறல் மழையாகியிருந்தது. அப்பாவின் முட்டிவலியை உத்தேசித்து பேட்டரி வண்டி. 2016 டிசம்பரில் வர்தா புயல் இங்கே ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. இன்று பார்த்தால் எங்கே திரும்பினாலும் பச்சை, அதுவும் கழுவி வைத்த பச்சை. கூட்டம்? எங்களைத் தவிர, எங்களைப் போலவே வாய் தவறிய இன்னும் நாலைந்து அப்பாக்கள்.

சிங்கம் கண்ணில் படவில்லை. "சிங்கத்துக்கு மழை லீவாப்பா?" என்றாள் மகள். மயில் இருந்தது, தோகை இல்லை. "ஏமாத்திட்டாங்க" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். மழைக்காலம் நெருங்கும்போது தோகை விரித்து ஆடும் ஆண் மயில், இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் இறகுகளை உதிர்த்துவிடும். மறுபடி முழுசாக வளரச் சில மாசம் ஆகும். தீபாவளி போனஸ் கார்த்திகையில் காணாமல் போகிற மாதிரி என்று சொன்னேன். மனைவிக்கு உடனே புரிந்தது.

புலி அப்படி இல்லை. வெள்ளைப்புலி மழையில் ஜம்மென்று நடந்துகொண்டிருந்தது. புலிக்குத் தண்ணீர் என்றால் கொள்ளை ஆசை. 1951-ல் ரேவா காட்டில் பிடிபட்ட மோகன் என்ற வெள்ளைப்புலியின் வம்சம்தான் நாடு நாடாகப் பரவியது. அப்பா அகழிக்கு இந்தப் பக்கம் நின்று வெகு நேரம் பார்த்தார்.

"இங்கே கம்பியே இல்லையேடா."

மூன்று வார்த்தை! நான் மூச்சு விடவில்லை.

நீர்யானைப் பக்கம் போகும்போது காற்று ஒரு வீசு வீசியது. எங்கள் ஒரே குடை தாமரைப் பூ மாதிரி மேல் பக்கமாக விரிந்துகொண்டது. ஓடிப்போய் ஒரு கூரைக்கு அடியில் ஒண்டினோம். நீர்யானை மட்டும் முதுகில் மழையை வாங்கிக்கொண்டு சுகமாக மிதந்தது.

அப்பா திடீரென்று ஆரம்பித்தார்.

"கல்யாணமாகி உங்கம்மாவை முதல் முதல்ல வெளியே கூட்டிட்டுப் போனது உயிர் காலேஜுக்குத்தான். 1984. அன்னிக்கும் இதே மழை, ஒரே குடை. கூண்டுல சிங்கம் நனையுது. 'பாவங்க'ன்னா. பக்கத்துல நான் தொப்பலா நனைஞ்சுட்டு நிக்கிறேன், அது கண்ணுக்குத் தெரியலை."

மகள் கெக்கெக்கே என்று சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். அப்புறம் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழைத் தண்ணீர்தான் என்று வைத்துக்கொள்வோம். மழை விடும் வரை பேசிக்கொண்டே இருந்தார். மூர் மார்க்கெட்டில் அம்மா பேரம் பேசி வாங்கிய பித்தளை விளக்கு வரைக்கும் வந்துவிட்டார். அந்த விளக்கு இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. அதற்கு இப்படி ஒரு கதை இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: செவ்வாய்க்கிழமை விடுமுறை. குடை ஆளுக்கு ஒன்று எடுத்துப் போங்கள்.

ராத்திரி கணக்கு எழுதினேன். பி.காம். புத்தி, விடாது. செலவு: ரயில், நுழைவுச்சீட்டு, பேட்டரி வண்டி, குடை ஒன்று. வரவு: அப்பா நாற்பது நிமிஷம் பேசினார். இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எங்கள் காலேஜில் சொல்லித் தரவில்லை.

காலையில் எழுந்தால் வீடு முழுக்கத் தும்மல். மனைவி எல்லோருக்கும் கஷாயம் நீட்டினாள். அப்பா மடக்கென்று குடித்துவிட்டுக் கேட்டார்:

"அடுத்த ஞாயித்துக்கிழமை செத்த காலேஜ் போலாமாடா?"