மூன்றாம் ஆண்டின் மலர்

ஈரமும் வெப்பமும் கிடைத்தால் விதை முளைக்கும் என்பது இலங்கையில் பிறந்த நாம் சிறு வயதிலேயே கற்ற பாடம். குளிர் நாட்டுக் காட்டுப் பூவொன்று எமக்கு வேறொரு பாடம் புகட்டியது. பல நாட் குளிர் பட்டாலன்றி அதன் விதை செவ்வனே உறக்கம் கலையாது!

அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்தில் நாம் குடியிருப்பது வாடகை வீடு. அதன் பின்புறத்தில் ஊன்றிய அப்பூவை 'பட்டர்ஃபிளை வீட்', அதாவது வண்ணத்துப்பூச்சிக் களை என்று இங்குள்ளோர் அழைப்பர். செம்மஞ்சள் நிறத்திற் கொத்துக் கொத்தாகப் பூக்கும். நமது எருக்கலைக்கு உறவுச் செடி. காய் வெடித்ததும் பட்டுப் போன்ற பஞ்சைப் பற்றி விதைகள் பறக்கும் அழகைக் கண்டவர் அவ்வுறவை ஐயுறார்.

ஒரு காலத்தில் இம்மாநிலத்தின் ஏறத்தாழ 2 கோடி 20 இலட்சம் ஏக்கர் நிலம் புல்வெளியாய் இருந்தது. 1837ஆம் ஆண்டில் ஜோன் டியர் என்னும் கொல்லர் செய்த உருக்குக் கலப்பை, ஒட்டும் கரிய மண்ணையும் இலகுவிற் புரட்டியது. நாளடைவிற் புல்வெளி சோள வயலாயிற்று. இன்று அதில் ஆயிரத்தில் ஒரு பங்குதானும் எஞ்சவில்லை.

விதைகளை ஈர மணலிற் கலந்து, குளிர்சாதனப் பெட்டியில் 30 நாட்கள் வைத்தோம். சென்ற வைகாசியிற் கால் அங்குல ஆழத்தில் ஊன்றினோம். முதலாண்டில் மேலே தெரிவது சிறு தண்டே. ஆணிவேரோ நிலத்துள் ஆழமாக இறங்கும். பூப்பதற்கு இரண்டு, மூன்று ஆண்டுகள் செல்லும். வேர் அறுந்தால் பிழைப்பது அரிதாகையால், வேறிடத்துக்குப் பெயர்த்துச் செல்லவும் இயலாது.

இதனால் எம் வீட்டில் ஒரு வழக்கு எழுந்தது.

"அப்பா, பூக்கும் முன்னே நாங்கள் வீடு மாறிவிட்டால்?" என்றாள் மகள்.

அவளுடைய அப்பம்மா சிரித்தார். "பனங்கொட்டை போட்டவர் எல்லாரும் நுங்கு குடித்தவரோ, பிள்ளை?"

மொனார்க் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு இவ்வினச் செடிகளின் இலையன்றி வேறெதனையும் உண்ணாது. இக்கோடையில், மொட்டு ஒன்றுதானும் தோன்றாத எம் செடியில் வரிப்புழு ஒன்று இலையைக் கறித்துக்கொண்டிருந்தது. மலர் வருமுன்னரே விருந்து வந்துவிட்டது!

வாடகை ஒப்பந்தம் வரும் பங்குனியில் முடிகின்றது. அடுத்து வருவோர் களையென்று பிடுங்கிவிடாதிருக்க, மகள் செடியின் பெயரை ஒரு பலகைத் துண்டில் எழுதி அருகே நாட்டியிருக்கிறாள்.