இருபது கிலோ

மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருவுக்கு ஒருவர் டிவிஎஸ் எக்ஸெல்லில் வருவார். பின்னால் நாலைந்து வெறும் சாக்கு, ஹேண்டில் பாரில் ஒரு தொங்கு தராசு. கூவிக் கூப்பிட மாட்டார். ஹாரனை இரண்டு தடவை அடித்துவிட்டு வேப்பமரத்தடியில் காலை ஊன்றி நிற்பார், அவ்வளவுதான். ரேஷன் அரிசி வாங்குகிறவர். அவர் பெயர் என்னவென்று தெருவில் யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள யாரும் முயன்றதும் இல்லை.

எங்கள் ஊர் சிதம்பரத்திலிருந்து கிள்ளைக்குப் போகும் சாலையில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. 2016-ல் நான் சிதம்பரத்தில் பி.காம் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம்தான் வகுப்பில் பொது விநியோகத் திட்டம் பற்றி செமினார் எடுத்திருந்தேன். வறுமைக்கோடு பார்த்துப் பிரிக்காமல் எல்லோருக்கும் கடையைத் திறந்து வைத்திருக்கும் மாநிலம் நம்முடையது. 2006-ல் கிலோ 2 ரூபாய், 2008-ல் 1 ரூபாய், 2011 ஜூன் முதல் விலையே இல்லை என்று தேதியோடு ஒப்பித்து, கைத்தட்டலும் வாங்கியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலுக்கு வந்தால் ஆயா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அரிசிப் பையை வேப்பமரத்தை நோக்கி இழுத்துக்கொண்டு போகிறாள்.

"ஆயா, கவர்மெண்ட்டு சாப்புடக் குடுக்குது. நீ வித்துத் திங்கிற. வெக்கமா இல்ல?"

தெருவே கேட்கிற மாதிரித்தான் கத்தினேன். அந்த ஆள் தரையைப் பார்த்தார். பக்கத்து வீட்டு அத்தை தன் பையைக் கதவுக்குப் பின்னால் நகர்த்தியதையும் பார்த்தேன். ஆயா ஒரு வார்த்தை பேசவில்லை. பையைத் திருப்பி இழுத்துக்கொண்டு வந்து அடுப்படியில் சாத்தி வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

எங்கள் அட்டைக்கு 20 கிலோ. அதில் எட்டுக் கிலோ, கிலோ ஏழு ரூபாய்க்குப் போகும். ஐம்பத்தாறு ரூபாய். அதை வைத்து முடசலோடையிலிருந்து கூடை சுமந்து வரும் அக்காவிடம் ஒரு கூறு மடவை மீன் வாங்குவாள். மிச்சத்துக்கு வெற்றிலை, பாக்கு. மாதத்தில் ஒரு நாள் அந்த மீன் குழம்பு. மறுநாள் பழங்குழம்பு. இதெல்லாம் எனக்கு அன்றைக்கும் தெரியும். தெரிந்துதான் கத்தினேன், அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. அந்தக் குழம்பை நானும் சாப்பிட்டிருக்கிறேன்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, கேட்காமலேயே பதில் சொன்னாள். ஆயா நடவாள். வீராணத்துத் தண்ணீர் பாயும் வயல்களில் ஐம்பது வருஷம் குனிந்து நட்டவள். அவளுடைய இளவயதில் கூலி காசாக வராது, நெல்லாக மரக்காலில் அளந்து போடுவார்கள். வெற்றிலை வேண்டுமென்றாலும் அதில் ஒரு படி எடுத்துப்போய்க் கடையில் கொட்டித்தான் வாங்க வேண்டும். கடைக்காரன் சொல்வதுதான் விலை. "அப்பக் கூலிய நெல்லா அளந்தானுவ. இப்ப எனாமையும் அரிசியாவே அளக்குறானுவ. காசு எங்க கையில பட்டா கருகிடுமாடி?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. செமினாரில் அந்தத் தலைப்பு வரவில்லை.

ரேஷன் அரிசியை விற்பது குற்றம்தான். வேப்பமரத்தடியில் வாங்கிய அரிசி எங்கே போகிறது என்று இப்போது எனக்கு ஓரளவு தெரியும். சேர்த்து மூட்டை கட்டி, லாரி ஏற்றி, மாநில எல்லை தாண்டி, பாலிஷ் போட்டு வேறு பெயரில் கடைக்கு வருவதும் உண்டு, கோழித் தீவனமாவதும் உண்டு. அதைப் பிடிக்கவென்றே குடிமைப்பொருள் குற்றப் புலனாய்வுத் துறை இருக்கிறது. லாரிக்காரனை நியாயப்படுத்த எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்தச் சங்கிலியின் கடைசி நுனியில் நிற்கும் கிழவியை மட்டும் நிறுத்திக் கேள்வி கேட்பது எவ்வளவு சுலபம் என்பதை நானே செய்து பார்த்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் வீட்டில் இருக்கும் ஞாயிறுகளில் ஆயா அரிசி விற்கவில்லை. மீன்கார அக்கா வந்தால் "இன்னிக்கு வாணாம்மா" என்று திண்ணையிலிருந்தே சொல்லிவிடுவாள். 2018-ல் செத்துப்போனாள். நான் இல்லாத நாட்களிலாவது விற்றிருக்க வேண்டுமே என்று இருக்கிறது.

இந்தக் கதைக்குக் கடலூர்ப் பக்கமும் ஒன்று உண்டு. என் பெரியம்மாவைப் பாகூருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கடலூரிலிருந்து ஆல்பேட்டை செக்போஸ்ட் தாண்டி, பெண்ணையாற்றுப் பாலம் ஏறி இறங்கினால் புதுச்சேரி மாநிலம். பஸ்ஸில் அரை மணி நேரம். அக்கா அந்தப் பக்கம், தங்கச்சி இந்தப் பக்கம். இரண்டு பேருக்கும் அதே வறுமை, வேறு வேறு அரசாங்கம்.

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தானியத்துக்குப் பதில் பணமாகவே கொடுத்துப் பார்க்கலாம் என்று ஒன்றிய அரசு முதலில் தேர்ந்தெடுத்த இடங்களில் புதுச்சேரியும் ஒன்று. 2015 செப்டம்பரில் சண்டிகரும் புதுச்சேரியும் ஆரம்பித்தன. பிறகு மாநில அரசின் இலவச அரிசிக்கும் அதே பிரச்சினை வந்தது. முதல்வர் நாராயணசாமி அரிசி என்றார், துணைநிலை ஆளுநர் கிரண் பேடி பணம் என்றார். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம்வரை போய், 2020-ல் தீர்ப்பு பணத்தின் பக்கம் வந்தது. ரேஷன் கடைகள் பூட்டிக் கிடந்தன. 2024 தீபாவளிக்கு முன்பு ரங்கசாமி ஆட்சியில்தான் திரும்பத் திறந்தார்கள்.

அப்படியென்றால் ஆயா கேட்டது பெரியம்மாவுக்குக் கிடைத்துவிட்டது, காசு. நான் போயிருந்தபோது ஆசையாகக் கேட்டேன், "இதானே பெரியம்மா நல்லது? இஷ்டப்பட்டத வாங்கலாம்ல?"

பெரியம்மா சிரித்தாள். "இஷ்டப்பட்டத வாங்குறதுக்கு மொதல்ல அரிசி வாங்கணும்ல? கடையில அரிசி வெல ஏறுது. அக்கவுண்டுல வுழுற காசு ஏறுதா? அதுவும் எந்த மாசம் வுழும், எந்த மாசம் வுழாதுன்னு பேங்க்காரனுக்கே தெரியாது. கடை இருந்தா வாசல்ல நின்னு சத்தமாவது போடலாம். அக்கவுண்டு வாசல்ல நின்னு யாருகிட்ட சத்தம் போடுறது?"

ஆயாவுக்கு அரிசி கொடுத்தார்கள், அவளுக்குத் தேவைப்பட்டது காசு. பெரியம்மாவுக்குக் காசு கொடுத்தார்கள், அவள் கடை வேண்டும் என்கிறாள். இரண்டு பேரும் முரண்படுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படியில்லை. எது வேண்டும் என்று இரண்டு பேரிடமும் யாரும் கேட்கவில்லை. முதல்வரும் ஆளுநரும் சண்டை போட்டார்கள், நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. பெரியம்மாவுக்கு நடந்தது தெரிந்தது, கடையில் பூட்டுத் தொங்கியபோது.

அம்மாவின் கட்சி வேறு. அவள் உறுதியாக அரிசிக் கட்சி. அப்பா குடிப்பார். (எல்லையோரத்து ஆண்களுக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் மலிவு சரக்கு, இந்தப் பக்கம் 2003 முதல் அரசாங்கமே நடத்தும் கடை. குறையொன்றும் இல்லை.) "காசுன்னா எங்கடி ஒளிக்கிறது? அஞ்சறைப் பொட்டியில வச்சாலும் மோந்து கண்டுபுடிச்சிடுவாரு. அரிசின்னா மூட்டையத் தூக்கிகிட்டு தெருவுல நடக்கணும். நாலு பேரு பாப்பாங்க. அந்தக் கூச்சம் இருக்குல்ல, அதான் பூட்டு" என்பாள். ஒரு தடவை அந்தக் கூச்சத்தையும் விட்டு அப்பா பத்துக் கிலோவைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார், அது தனிக்கதை. ஆனாலும் இருபது கிலோவின் கனம்தான் தன்னைக் காப்பாற்றுகிறது என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே கிடையாது. கட்டுப்பாடு என்றாலே அவமானம் என்று பேசுகிற நான், இதைக் கேட்டுக் கொஞ்சம் தடுமாறித்தான் போனேன். ஆயாவுக்கு விலங்காக இருந்த அதே மூட்டை அம்மாவுக்குத் தாழ்ப்பாள்.

இப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் அறை எடுத்துத் தங்கி, ஒரு இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். குடும்ப அட்டையில் பெயர் சேர்ப்பது, நீக்குவது, முகவரி மாற்றுவது. 2019 நவம்பரில் சர்க்கரை அட்டையை அரிசி அட்டையாக மாற்றிக்கொள்ளலாம் என்று அறிவித்தபோது மாநிலத்தில் அப்படி மாற்றத் தகுதியான அட்டைகள் சுமார் 10 லட்சம் இருந்தன. "அரிசி நாங்க சாப்பிடுறதில்ல, பொங்கல் காசுக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்ட வாத்தியார்களையெல்லாம் பார்த்திருக்கிறேன். அந்தப் பணத்தில் என்ன வாங்கப்போகிறீர்கள் என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. சார் என்று கூப்பிட்டு உட்கார நாற்காலி போட்டேன்.

2023 செப்டம்பர் 15 அன்று மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது இதே மையத்தில் வேறு பேச்சு. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய். ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களெல்லாம் நிபுணர்கள் ஆனார்கள். "எல்லாம் டாஸ்மாக்குக்குத்தான் போகும்", "புடவை எடுப்பாளுங்க", "பொருளா குடுக்கணுங்க, கைல காசு குடுக்கக் கூடாது." சரி, பொருளாகக் கொடுத்தால்? 2022 பொங்கலுக்குக் காசு இல்லாமல் 21 பொருள் கொடுத்தார்கள். வெல்லம் ஒழுகுகிறது என்று ஊர் ஊராகப் புகார். 2023 பொங்கலுக்குப் பொருளைக் குறைத்துப் பணம் அறிவித்தபோது பட்டியலில் கரும்பு இல்லை. வாங்கிவிடுவார்கள் என்று நம்பிப் பயிரிட்ட கரும்பு விவசாயிகள் கொதித்துப்போனார்கள். பன்னீர் கரும்பு விளையும் எங்கள் மாவட்டத்துக்கு அது சின்ன விஷயமில்லை. பிறகு ஒரு முழுக் கரும்பு சேர்ந்தது. அந்தக் கரும்பை ஏழைகளின் தேவை முடிவு செய்யவில்லை, வயலில் நின்ற கரும்புதான் முடிவு செய்தது.

அமெரிக்காவிலும் ஆரம்பம் இப்படித்தான். 1939-ல் முதல் உணவு வில்லைகள் வந்தபோது இரண்டு நிறம். ஆரஞ்சு வில்லைக்கு எந்த உணவும் வாங்கலாம். நீல வில்லைக்கு, சந்தையில் மிஞ்சிக் கிடப்பது என்று அரசு பட்டியலிட்டதை மட்டும். இப்போது குளிர்பானமும் மிட்டாயும் கூடாது என்கிறார்கள். 2025 மே மாதம் நெப்ராஸ்கா மாநிலம் குளிர்பானத்தைத் தடுக்க முதல் அனுமதி வாங்கியது. சூடாகச் சமைத்த சாப்பாட்டை அந்தக் கணக்கில் வாங்க முடியாது என்பது அங்கே ரொம்ப நாள் விதி. சோடா உடம்புக்குக் கெடுதல் என்பதில் எனக்கு வாதமில்லை. சர்க்கரை வியாதிக்கு மாத்திரை தின்னும் அம்மா இருக்கிற வீடு எங்களுடையது, அதே வீட்டுக்கு மாதம் இரண்டு கிலோ சீனி ரேஷனில் வருகிறது. அம்மா அதை வேண்டாமென்று சொல்லிவிட்டு அந்த மதிப்புக்கு இன்னொரு கிலோ பருப்பு கேட்க முடியுமா? முடியாது. கெட்டதை வாங்காதே என்பவர்கள் யாரும் நல்லதைத் தேர்ந்தெடுக்க வழிவிடுவதில்லை.

குடிக்குப் போய்விடும் என்ற பயத்தைப் பற்றி உலக வங்கிக்காக டேவிட் எவன்ஸும் அன்னா போப்போவாவும் 2014-ல் பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். கையில் பணம் கொடுத்ததால் மது, புகையிலைச் செலவு கூடிவிட்டதாகத் தெரியவில்லை என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த பதில். ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவரிடம் இதைச் சொன்னேன். "அது ஆப்பிரிக்காவுல இருக்கும், நம்ம ஊரு குடி வேற" என்றார். என் அப்பாவை நினைத்துக்கொண்டு நானும் மேலே பேசவில்லை.

அம்மாவுக்கு உரிமைத் தொகை வந்தது. வங்கிக் கணக்கில் இருந்தது அப்பாவின் போன் நம்பர். மெசேஜ் வந்த அன்று சாயங்காலமே பணம் கேட்டுச் சண்டை. அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டு வந்து, வங்கியில் எழுதிக் கொடுத்து என் நம்பருக்கு மாற்றினேன். அம்மாவைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு கடலூர் திரும்பினேன். மாதா மாதம் 1000 வரவு என்று எனக்கு மெசேஜ் வரும். எடுத்தால் அதுவும் வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, சிதம்பரம் ஏடிஎம்மில் 500 ரூபாய் எடுத்ததாக மெசேஜ். கை தானாகவே அம்மாவுக்குப் போன் போட்டது. "எதுக்கும்மா ஐநூறு எடுத்த?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "மாத்தர வாங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது, சில்லறை தேடி அம்மாவின் பர்ஸைத் திறந்தேன். மருந்துக் கடைச் சீட்டு இருந்தது, முந்நூற்றுச் சொச்சம். அதோடு மடித்து வைத்த இன்னொரு சீட்டு. கீழ வீதிப் பக்கத்து ஹோட்டல் ஒன்று. இட்லி கொத்சு ஒன்று, நெய் ரோஸ்ட் ஒன்று, காபி ஒன்று. எல்லாம் ஒவ்வொன்று. தனியாகப் போய் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். ஐம்பத்திரண்டு வயதில் அம்மா ஹோட்டலில் தனியாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, கேள்விப்பட்டதும் இல்லை.

அம்மா கொல்லையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கையில் பர்ஸைப் பார்த்துவிட்டாள். செதிலை உரசுவதை நிறுத்தவில்லை.

"கொத்சு எப்படிம்மா இருந்துச்சு?"

"உப்பு கம்மி."

கொஞ்ச நேரம் கழித்து, தலை நிமிராமல் கேட்டாள். "அந்த மெசேஜு இன்னும் ஒனக்குத்தான் வருதா?"

"வருதும்மா."

"ம்" என்றாள்.

மறுநாள் திங்கட்கிழமை, வங்கியில் நல்ல கூட்டம். டோக்கன் வாங்கி ஒரு மணி நேரம் நின்றோம். கவுண்டரில் இருந்த பெண் புது நம்பர் என்னவென்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அம்மா, தன்னுடைய பட்டன் போன் நம்பரை ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தாள்.