பலகை விட்ட கரை

திருவொற்றியூரில் பள்ளிக்கூடம் விட்டால் எங்களுக்கு ஒரே வேலை, கடற்கரையில் பலகை விடுவது. சரக்குப் பெட்டிகளை உடைத்த பிளைவுட் துண்டுகள் விறகுக்கடையில் சல்லிசாகக் கிடைக்கும். மூலைகளை அரத்தால் ராவி, அடியில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டால் பலகை தயார். எங்கள் அண்ணன்தான் வாத்தியார்.

அலை ஏறி வந்து திரும்பும்போது, ஈர மணலின்மேல் விரல் கனத்துக்குத் தண்ணீர் நிற்கும். சில நொடிதான். அதற்குள் ஓடி, பலகையைத் தட்டையாக வீசி, அது வழுக்கும்போதே காலை வைக்க வேண்டும். அடியில் நீர் இருக்கும்வரை பலகை பறக்கும். மணல் நீரைக் குடித்துவிட்டால் பலகை நின்றுவிடும்; நாம் நிற்க மாட்டோம். "குதிக்காதடா, ஓடுற வாக்குல ஏறு!" என்று கத்துவான் அண்ணன். குதித்தவன் வாயெல்லாம் மணல். காயப்போட்ட கட்டுமரங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வலை பின்னும் தாத்தாக்கள், "வலைய மிதிச்சீங்க, அவ்ளோதான்" என்று மிரட்டுவார்கள். மிரட்டிக்கொண்டே, யார் அதிக தூரம் போனான் என்று தீர்ப்பும் சொல்வார்கள்.

கலிபோர்னியாவின் லகூனா கடற்கரையில் 1920களிலேயே உயிர்காப்பாளர்கள் மரப்பலகையில் இப்படிச் சறுக்கியிருக்கிறார்கள். இன்று அது ஸ்கிம்போர்டு. ஃபைபர் பலகை, பந்தயம் என்று வளர்ந்துவிட்டது. இதைப் படித்துவிட்டு அண்ணனிடம் சொன்னேன். "அவங்களுக்குக் கரை இருக்குதா இன்னும்?" என்று மட்டும் கேட்டான்.

நம் கடலோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே மணலைத் தள்ளிக்கொண்டு போகும். சென்னைத் துறைமுகத்துக்கு 1875இல் அடிக்கல் நாட்டினார்கள். கடலுக்குள் நீண்ட அதன் சுவர் அந்த மணலை மறித்தது. தெற்கே சேர்ந்தது மெரினாவாக விரிந்தது. வடக்கே வர வேண்டிய மணல் வராமல் ராயபுரம் முதல் எங்கள் ஊர்வரை கடல் கரையைத் தின்றது. வீடுகள் போயின, தெருக்கள் போயின. மிச்சத்தைக் காக்கக் கருங்கல்லைக் கொட்டினார்கள். கல்லில் மோதும் அலைக்கு ஏறிவந்து படர இடமில்லை. படராத தண்ணீரில் பலகை ஓடாது. கட்டுமரம் இழுத்துப்போட்ட இடமும், வலை காய்ந்த இடமும் அந்தக் கல்லுக்கு அடியில்தான்.

கடலில் இனி எங்கே சுவர் எழுப்பினாலும், அதற்கு வடக்கே குடியிருக்கும் சனங்களை முதலில் கேளுங்கள்.