0.3 எங்கே போச்சு?

0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.3 தானே? நானும் அப்படித்தான் நம்பினேன்!

போன வாரம் கம்ப்யூட்டர் லேபில், மளிகைக் கடை எடை கூட்டும் புரோகிராமைப் பைத்தானில் எழுதி, விடை 0.3க்குச் சமமா என்று ஒரு டெஸ்ட்டும் வைத்தேன். ‘ஃபால்ஸ்’ என்று வந்தது. மூணு தடவை அடிச்சுப் பார்த்தேன். அதேதான். அழுகையே வந்துவிட்டது. பேசாமல் டெஸ்ட்டையே அழித்துவிடப் போனேன்.

“இரு, விடையை பிரிண்ட் பண்ணிப் பாரு” என்றார் மிஸ். 0.30000000000000004!

“1ஐ 3ஆல் வகுத்தா 0.333ன்னு முடியாம போகுதில்ல? இருநிலை எண்ணுல 0.1ம் அப்படித்தான். கம்ப்யூட்டர் 53 பிட்டோட நிறுத்திக்கும். அதனால சமமான்னு கேக்காத, வித்தியாசம் 0.000000001ஐ விடக் குறைவான்னு கேளு.”

மாற்றினேன். ‘ட்ரூ’ வந்தது! டெஸ்ட்டை அழித்திருந்தால், நாளைக்கு நிஜமான தப்பு வந்தாலும் தெரிந்திருக்காது. தப்பு கணக்கில் இல்லை. நான் கேட்ட கேள்வியில்தான்.

– 12ஆம் வகுப்பு மாணவி