100 ஓடுது... 81தான் இருக்குது!

உங்க வீட்டு சிலிண்டர்ல எவ்ளோ கேஸ் இருக்குனு எப்படிச் சொல்றாங்க? 14.2 கிலோனு எடை போட்டு! புத்திசாலிங்க. பைப்புல ஓடற கேஸை எடை போட முடியாதே... அங்கதான் கூத்து ஆரம்பம்.

கோவைக்குப் பக்கத்துல ஒரு மரவள்ளி மாவு மில்லுல எனக்கு இன்டெர்ன்ஷிப். சேலம், நாமக்கல் ஜவ்வரிசி மில்கள் மாதிரியே இங்கேயும் கழிவுத்தண்ணியிலிருந்து பயோகேஸ் எடுத்து எரிக்கறாங்க. அதை அளக்க வோர்டெக்ஸ் மீட்டர். ஆத்துப் பாலத் தூணுக்குப் பின்னாடி தண்ணி சுழிச்சுக்கிட்டுப் போறதைப் பார்த்திருப்பீங்க. அதேதான். பைப்புக்குள்ள ஒரு குட்டித் தூண். சுழியை எண்ணினா வேகம் தெரிஞ்சுடும்.

சுழி ஒழுங்கா வரணும்னா தூணுக்கு முன்னாடி பைப் நேரா இருக்கணும். கையேடு கேட்டது விட்டத்தைப் போல 20 மடங்கு. 4 இஞ்ச் பைப்புக்கு ஆறரை அடிக்கு மேல! "ஏந்தம்பி, செவுத்தையே இடிக்கோணுமாட்ட இருக்குதே?" என்றார் ஃபிட்டர் அண்ணன். இடிக்கலை. முன்னாடி இருந்த வால்வை மீட்டருக்குப் பின்னாடி தள்ளிட்டோம்.

அசல் வில்லன் செட்டிங்கில் இருந்தான். அதுவரைக்கும் பைப்புல ஓடின கன அளவை அப்படியே காட்டிக்கிட்டு இருந்தது மீட்டர். அழுத்தம், சூடு இரண்டையும் கணக்கில் சேர்க்கலாம்னு மெனுவைத் திறந்தா, காற்றழுத்தம் 1013 மில்லிபார்னு இருக்கு. அது கடல் மட்டத்துக்கு பாஸ்! நம்ம கோவை 400 மீட்டருக்கு மேல உட்கார்ந்திருக்கு. இங்கே சுமார் 965தான். கேஸோட சொந்த அழுத்தமோ வெறும் 20 மில்லிபார். 985 வர வேண்டிய இடத்துல 1033. அப்படியே விட்டிருந்தா 5% கூடுதல் காட்டியிருக்கும்.

அப்புறம் சூடு, 35 டிகிரி. கூடவே நீராவி. அது எரியாது, ஆனா மீட்டர் அதையும் கேஸ்னுதான் எண்ணும். எல்லாத்தையும் கழிச்சு, 0 டிகிரியில, 1013 மில்லிபார்ல, ஈரமில்லாத கேஸ்னு கணக்குப் போட்டா... 100 கன மீட்டர், 81 ஆயிடுச்சு!

இதுல என்ன இருக்குனு கேட்கறீங்களா? ட்ரையர் ஓட்டற அண்ணனைக் கேளுங்க. "இவ்ளோ கேஸ் போயும் மாவு காயலைன்னா, நீ என்னதான் பண்றே?"னு மாசக்கணக்கா திட்டு வாங்கினவர் அவர். கணக்கு எழுதின தாளை ரெண்டு தடவை படிச்சுட்டு, மடிச்சுச் சட்டைப்பையில வெச்சுக்கிட்டார்.

அடுத்து காலிப்ரேஷன். வாளையாரைத் தாண்டினா கஞ்சிக்கோடு. அங்கே 1987-ல ஆரம்பிச்ச எஃப்.சி.ஆர்.ஐ. இருக்கு. இந்த மாதிரி மீட்டர்களைச் சோதிக்கறதே அவங்க வேலை. (ஐ.வி.ன்னா ஊட்டிக்கே பஸ் ஏறும் மக்களே, குறிச்சுக்குங்க!) மீட்டரைக் கழட்டி அனுப்பப் போறோம்னு சொன்னதும் ட்ரையர் அண்ணன் சிரிச்சார்.

"அப்ப அது வர்ற வரைக்கும் எதைப் பாத்துத் தம்பி என்னைத் திட்டுவாங்க?"