விடுதியின் பின்சுவர்

கல்லூரி விடுதியைப் புதுப்பிக்க என்னைக் கூப்பிடுகிறவர்கள் முதலில் காட்டுவது முகப்பைத்தான். பெயின்ட் உதிர்ந்திருக்கிறது, பெயர்ப்பலகை மங்கிவிட்டது, போர்ட்டிகோவில் கிரானைட் போடலாமா என்று கேட்பார்கள். கேட்டுக்கொண்டே நான் பின்பக்கம் போய்விடுவேன். கழிவறைக் குழாய்கள் இறங்கும் இடத்தில் பாசி படர்ந்து, விரிசலில் ஓர் அரசங்கன்று வேர்விட்டிருந்தால் அங்கே பல வருடங்களாகத் தண்ணீர் கசிகிறது என்று பொருள். ஜன்னல் கம்பிகளில் ஈரத் துண்டுகள் தொங்கினால் உள்ளே துணி காயப்போட வழியில்லை. இரவில் மேல்தளத்து வராந்தாவில் பாயும் தலையணையும் கிடந்தால் கூரை சுடுகிறது. இந்த மூன்றையும் சரிசெய்யாமல் முகப்புக்குப் பூசும் வண்ணம் வெறும் செலவு.

கூரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வகுப்பறை பகலில் நிரம்பும். விடுதி இரவில் நிரம்பும். பகலெல்லாம் வெயில் வாங்கிய ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் அந்தச் சூட்டை உடனே இறக்குவதில்லை. சில மணி நேரம் வைத்திருந்து, பிள்ளைகள் மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு அறைக்குத் திரும்பும் நேரமாகப் பார்த்து இறக்கும். விசிறியைக் கூட்டி வைத்தால் அந்த அனல்தான் தலையில் விழும். உடனே ஏசி வைக்கலாம் என்று ஒரு யோசனை வரும். சூட்டை உள்ளே விட்டுவிட்டு, பிறகு காசு கொடுத்து வெளியேற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை.

நம் ஊரில் இதற்கு ஒரு பழைய ஏற்பாடு இருந்தது. செங்கல் ஜல்லியும் நீற்றுச் சுண்ணாம்பும் கலந்து மூன்று அங்குலத்துக்குப் பரப்புவார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை இடையிடையே தெளிப்பார்கள். அடிக்கிற கட்டை துள்ளித் திரும்ப வேண்டும், தடம் பதியக்கூடாது, அதுதான் பதம். அதற்குமேல் தட்டோடு. இப்போது புதுப்பிக்க வருகிறவர்கள் பலர் இதை மொத்தமாகப் பெயர்த்துப் போட்டுவிட்டு, கெமிக்கல் கலந்த சிமென்ட் பூச்சோடு முடித்துவிடுகிறார்கள். ஒழுகல் நிற்கும், சூடு கூடும். நான் தட்டோடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கச் சொல்வேன். பொத்தென்று சத்தம் வருகிற இடத்தை மட்டும் பெயர்த்துத் திரும்பப் போட்டு, இணைப்புகளை அடைத்து, மேலே வெள்ளை. வெள்ளைப் பூச்சு மலிவு. ஆனால் தூசு படிந்து மங்கும், சில வருடங்களுக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டும். டைல்ஸ் கடைகளில் உடைந்து ஒதுக்கிய வெள்ளை ஓடுகளை வாங்கிப் பதித்தால் அந்தத் தொல்லை இல்லை. குப்பைக்குப் போக இருந்ததும் பயன்படும்.

ஒரு சிக்கல் உண்டு. விடுதி காலியாகக் கிடைப்பது மே மாதத்தில். பூச்சு இறுகவும் ஒழுகுகிறதா என்று பார்க்கவும் தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கி வைக்க வேண்டும். மே மாதத்தில் வளாகத்துக்கே லாரித் தண்ணீர் வந்துகொண்டிருக்கும். இதை முன்கூட்டியே பேசி வைக்காத ஒப்பந்தக்காரர் தண்ணீர் தேக்காமலே வேலையை முடித்துவிடுவார். ஐப்பசி மழையில் தெரியும்.

காற்று அடுத்தது. நடுவில் நடை, இருபுறமும் அறை என்ற அமைப்பில் காற்று குறுக்கே ஓட வேண்டுமானால் கதவுக்கு மேலே உள்ள வென்டிலேட்டர் திறந்திருக்க வேண்டும். எந்த விடுதியிலும் அதன்மேல் செய்தித்தாள் ஒட்டியிருக்கும். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. நடையில் இரவு முழுக்க எரியும் டியூப்லைட் நேராகக் கண்ணில் அடிக்கிறது, தூக்கம் வரவில்லை, ஒட்டிவிட்டார்கள். அங்கே சாய்வான பட்டைகள் வைத்தால் வெளிச்சம் தடுக்கப்படும், காற்று வரும். நடை விளக்குகளுக்கு ஆள் நடமாட்டத்தை உணரும் சென்சார் வைத்தால் தூக்கமும் மிச்சம், மின்சாரமும் மிச்சம். வெளிப்பக்க ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்காமல் காற்றோட்டம் பற்றிப் பேசுவது வீண். மாலை ஆறு மணிக்கே அடைத்துவிடுவார்கள். காற்றுக்கு இன்னொரு வழியும் உண்டு. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் 1970களில் திருவனந்தபுரத்தில் சென்டர் ஃபார் டெவலப்மென்ட் ஸ்டடீஸ் வளாகத்தைக் கட்டியபோது ஜன்னலுக்குப் பதிலாகச் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய ஜாலிகளை ஏராளமாக வைத்தார். பழைய விடுதிகளில் மாடிப்படிச் சுவரையும் கழிவறைச் சுவரையும் ஓரளவு அப்படித் திறந்துவிடலாம். நாற்றம் பாதி அதிலேயே போய்விடும்.

துணி காயப்போடுவதை எந்த வரைபடத்திலும் நான் பார்த்ததில்லை. மொட்டை மாடிக் கதவு பூட்டியே இருக்கும். பாதுகாப்பு கருதி அது சரியும்கூட. அதனால் துணி அறைக்குள் காய்கிறது, மழைக்காலத்தில் சுவர் பூக்கிறது, அறையெங்கும் முடை நாற்றம். ஒவ்வொரு தளத்திலும் வெயில் படும் கோடியில் ஓர் அறையை எடுத்து, கம்பி வலையும் கொடிகளுமாக மாற்றித் தரச் சொல்வேன். ஓர் அறை வாடகை போகிறதே என்பார்கள். போகட்டும்.

தண்ணீரில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. தேசியக் கட்டட விதித்தொகுப்பு விடுதிக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று கணக்குச் சொல்கிறது. 10 லிட்டர் இறக்கும் பழைய ஃப்ளஷ் டேங்குகளை எடுத்துவிட்டு 3, 6 லிட்டர் என இரட்டைப் பொத்தான் உள்ளவற்றை வைப்பது, கை கழுவும் குழாய்களில் ஏரேட்டர் மாட்டுவது, வாஷர் தேய்ந்த குழாய்களை அன்றன்றே மாற்ற ஒரு பிளம்பரை மாதச் சம்பளத்துக்கு வைப்பது: இவை போதும். வினாடிக்கு ஒரு சொட்டு விழும் குழாய் ஒரு நாளில் சுமார் 20 லிட்டரைக் கொண்டுபோய்விடும். குளியல் தண்ணீரைத் தனியே பிரித்துக் கல்வாழைப் பாத்திக்கு விடலாம். ஆனால் பழைய கட்டடத்தில் குளியல் குழாயும் கழிவறைக் குழாயும் கீழே ஒன்றாகியிருக்கும், பிரிப்பதுதான் செலவு. மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயம் என்பதால் குழாய் இருக்கும். தொட்டி மண் தூர்ந்து கிடக்கும், தூர்வார வேண்டும். மாணவியர் விடுதிகளில் கழிவறை அடைப்புக்கு முக்கியக் காரணம் நாப்கின் போட இடமில்லாதது. ஒவ்வொரு கழிவறையிலும் மூடி போட்ட ஒரு கூடை வைத்து, தினமும் எடுக்க ஏற்பாடு செய்தால் குழாய் உடைக்கிற செலவு மிச்சம். வார்டனம்மாக்களுக்கு இது தெரியும். திட்டக் கூட்டத்துக்கு அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை.

மின்சாரத்தில் எல்லோருக்கும் சோலார் பேனல் மேல் கண். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். சாதாரண விசிறி 75 வாட், பிரஷ் இல்லாத மோட்டார் கொண்ட பிஎல்டிசி விசிறி ஏறக்குறைய 30 வாட். தினம் 12 மணி நேரம் ஓடினால் ஒரு விசிறிக்கு அரை யூனிட்டுக்குமேல் மிச்சம். 300 விசிறிகள் உள்ள விடுதியில் நாளுக்கு 150 யூனிட்டைத் தாண்டும். அவ்வளவை உற்பத்தி செய்ய ஏறக்குறைய 40 கிலோவாட் பேனல் வேண்டும். விசிறி மாற்றுவதற்கு யாரும் ரிப்பன் வெட்ட வருவதில்லை என்பதுதான் அதன் குறை. வாங்கும்போது சுவர் ரெகுலேட்டரிலேயே இயங்கும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள்; ரிமோட் ஒரு செமஸ்டர்கூடத் தாங்காது.

‘இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் என்ன’ என்ற கேள்வி எல்லாக் கூட்டத்திலும் வரும். அகமதாபாத் ஐஐஎம்மில் கட்டடக் கலைஞர் லூயி கான் வடிவமைத்த 18 விடுதிகளில் 14ஐ இடிக்கப் போவதாக 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தபோது உலகெங்கும் கட்டடக் கலைஞர்கள் எதிர்த்தார்கள். சில நாட்களிலேயே நிர்வாகம் அதை அப்போதைக்குத் திரும்பப் பெற்றது. நம் மாவட்டத் தலைநகரத்து விடுதிக்காக அப்படி யாரும் குரல் கொடுக்க மாட்டார்கள். அதற்காகப் பேச அதன் தூண்களும் உத்திரங்களும்தான் உண்டு. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் சுமார் 8 சதவீதம் சிமென்ட்டால் வருகிறது. நிற்கிற எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டாலே பசுமை வேலையில் பெரும்பகுதி முடிந்த மாதிரி. கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் உப்பியிருந்தால் பரிசோதித்து, அந்த இடத்தைச் சீர்செய்யலாம். தூண்களே தளர்ந்துவிட்டால் இடிக்க வேண்டியதுதான். அதில் பிடிவாதம் கூடாது.

விடுதியைப் புதுப்பிக்க நினைக்கும் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஏப்ரல் மாதத்தில் ஓர் இரவு, மேற்கு பார்த்த மேல்தள அறை ஒன்றில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துப் பாருங்கள். காலை ஏழு மணிக்குப் பொதுக் குளியலறை வரிசையில் வாளியோடு நில்லுங்கள். எஸ்டிமேட்டை அதற்குப் பிறகு போடலாம்.